ஆற்றின் மேல் எழுதிய பட்டா: கங்கைப் படகு மக்களின் வழியுரிமையும் நம் வரலாறும்



பீகாரில் சுல்தான்கஞ்ச் தொடங்கி பாகல்பூர், கஹல்காவ் வழியாகப் பீர்பைந்தி வரை கங்கை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடுகிறது. நாடு விடுதலை பெற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த எண்பது கிலோமீட்டர் ஆறு இரண்டு குடும்பங்களின் கையில் இருந்தது. நிலத்துக்கு ஜமீன்தார் இருந்ததுபோல் தண்ணீருக்கு இருந்த இவர்களைப் பானிதார்கள் என்றார்கள். ஒரு குடும்பம் இந்து, இன்னொன்று முஸ்லிம். ஆற்றில் வலை வீசிய மல்லா, நிஷாத், பிந்த், கேவட் மக்கள் இருவருக்கும் வரி கட்டினார்கள்.

குளத்துக்கும் கிணற்றுக்கும் தெருவுக்கும் நடந்த போராட்டங்களை இந்த மேடைகளில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆறும் ஒரு பாதைதான் என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. தனியார் நிலங்களுக்கு ஊடாக ஓடும் ஆற்றில் படகு விடுகிறவருக்கு என்ன உரிமை? அந்த உரிமையை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் நம்முடைய வரலாற்றுக்கே வந்து சேருகிறோம். தீட்டு என்று சொல்லி மறிக்க முடியாமல் போகும் இடத்தில், சொத்து என்று சொல்லி மறிப்பது சாதியின் பழைய பழக்கம். இந்த உரையில் நாம் சொல்ல வருவது அதைத்தான்.

சரக்குக்கு வழி, படகோட்டிக்கு வரி

1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளம், பீகார் பகுதிகளில் ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளர்களாக ஆக்கியது. நிலத்தோடு சேர்ந்து ஆறு, ஏரி, காயல்களில் மீன்பிடிக்கும் உரிமையும் அவர்கள் கணக்கில் ஏறியது. அதற்கு ஜல்கர் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரில் வாழ்ந்தவர்கள் ஒரே எழுத்தில் வாரக்காரர்கள் ஆனார்கள்.

கங்கைச் சமவெளியில் ஆறு ஒரே இடத்தில் ஓடுவதில்லை. ஒரு கரையைத் தின்று மறுகரையில் மண்ணைக் கொட்டும். நடுவில் மணல்திட்டு எழும். புதிதாக எழும் மண் யாருக்கு என்ற சண்டையைத் தீர்க்கக் கம்பெனி அரசு 1825இல் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. கரையை ஒட்டிச் சிறுகச் சிறுகச் சேரும் மண் அந்தக் கரைக்காரருக்கு. படகு ஓடும் பேராற்றின் நடுவே எழும் திட்டு, அதற்கும் கரைக்கும் இடையே ஆள் இறங்கிக் கடக்க முடியாத நீர் ஓடினால், அரசுக்கு.

அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படகு ஓடும் ஆறுகளின் படுகையையோ நீரோட்டத்தையோ எந்தத் தனியாரும் ஆக்கிரமிக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்காது என்கிறது அது. வழக்கமான படகுப் போக்குவரத்துக்கு இடையூறாக இருப்பதை அகற்ற மாவட்ட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்கிறது. கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் செல்வதற்குத் தடை இருந்தாலும் அகற்றலாம் என்கிறது. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகை ஆட்கள் கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். அந்தக் கரை யாருடைய நிலமாக இருந்தாலும் இழுக்கிறவர் நடக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தனியார் நிலத்தின் மேல் படகுக்கான வழியுரிமை எழுத்தில் இருந்தது.

இதைப் படித்து மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். படகில் என்ன இருந்தது? அவுரியும் வெடியுப்பும் அபினியும் இருந்தன. கம்பெனியின் வணிகம் நிற்கக் கூடாது என்பதற்காக ஆற்றுவழி காக்கப்பட்டது. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவர் அதே ஆற்றில் தம் பிள்ளைகளுக்காக ஒரு வலை வீசினால் ஜல்கர்காரரிடம் ரசீது வாங்க வேண்டும். சரக்கு போகலாம், சரக்கைச் சுமந்தவர் நின்று மீன் பிடிக்கக் கூடாது. வழியுரிமை பொருளுக்குக் கிடைத்தது, மனிதருக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றங்கள் இதை மேலும் இறுக்கின. படகு ஓடும் பெரிய ஆறுகளில்கூட மீன்பிடிக்கும் தனியுரிமையை அரசு ஒரு தனியாருக்குக் கொடுக்க முடியும் என்று 1885இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் இன்னொரு படி மேலே போனது. ஆறு தடம் மாறி வேறொருவர் நிலத்தின் மேல் ஓடினாலும் ஜல்கர் உரிமை ஆற்றைப் பின்தொடர்ந்து போகும் என்றது. ஜமீன்தாரின் உரிமைக்குக் கால் முளைத்து ஆற்றோடு நடந்தது. படகு மக்களின் வழக்குரிமைக்கு அப்படி ஒரு காலை எந்த நீதிமன்றமும் கொடுக்கவில்லை.

வங்காள மீனவச் சாதிகளான மாலோ, ஜாலியா கைபர்த்தா மக்கள் இன்று மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளில் இருக்கிறார்கள். மாலோ சமூகத்தில் பிறந்த அத்வைத மல்லபர்மன் எழுதிய ‘திதாஸ் ஏக்தி நதீர் நாம்’ நாவலும், 1973இல் ரித்விக் கடக் அதைப் படமாக்கியதும் நமக்குத் தெரியும். திதாஸ் ஆறு வற்றி மண் எழுந்ததும் அந்த மண் ஆற்றில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலமும் ஆள்பலமும் இருந்தவர்களுக்குப் போனது. நீராக இருக்கும்போது வரி, நிலமாக மாறும்போது வெளியேற்றம். இரண்டு நிலையிலும் தோற்றவர்கள் ஒரே மக்கள்.

அரசுடைமையும் பொதுவுடைமையும்

நம் பக்கத்தில் கதை கொஞ்சம் வேறு. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி ரயத்துவாரி முறையில் இருந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலைகள், தெருக்கள், ஆற்றுப்படுகைகள், ஓடைகள், ஏரிகள் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்தது. ஜமீன்தார்கள் போன்றோருக்கு உரியவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நாம் புறம்போக்கு என்று சொல்வதன் சட்ட அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

அரசின் சொத்து என்றால் எல்லோரும் நடக்கலாம் என்றா பொருள்? அப்படி இருந்திருந்தால் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்களைப் பயன்படுத்த எவருக்கும் தடையில்லை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டிய தேவையே வந்திருக்காது. பத்தொன்பது ஆண்டுகளாக அரசின் சொத்தாக இருந்த தெருவில் நம் மக்கள் நடக்க ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. ஓர் இடம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அங்கே யார் கால் வைக்கலாம் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவது தானாகத் தீராது.

நிலம் மறுத்தபோது நீர்

கொச்சியில் 1913இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். புலையர் மக்கள் ஒன்றுகூடிப் பேச விரும்பினார்கள். கூடுவதற்கு ஓர் அடி நிலம்கூட இல்லை. எங்கே நின்றாலும் அது அரசருடைய நிலம், அல்லது ஆதிக்கச் சாதியாருடைய நிலம். அதனால் அவர்கள் காயலுக்குப் போனார்கள். வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, பலகைகளைப் பரப்பி, தண்ணீரின் மேல் மாநாடு நடத்தினார்கள். கேரள வரலாற்றில் அதற்குக் காயல் சம்மேளனம் என்று பெயர். மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பன் அதற்குத் துணை நின்றார். கொச்சிப் புலையர் மகாசபை அந்தத் தண்ணீரில் பிறந்தது.

ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. யாருடைய பட்டாவிலும் அடங்காத ஓர் இடம் இருந்ததால்தான் அந்த மாநாடு நடந்தது. அந்தக் காயலுக்கும் கங்கையைப் போல ஒரு பானிதார் இருந்திருந்தால் அவர்கள் எங்கே கூடியிருப்பார்கள்? பொது நீர் என்பது மீனுக்கும் போக்குவரத்துக்கும் மட்டுமான விஷயம் இல்லை. நிலமற்றவர்கள் கூடி நிற்பதற்கான அரசியல் இடமும் அதுதான்.

மகாத்தில் எழுந்த வாதம்

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகாத்தின் சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் அருந்தியது நம் எல்லோருக்கும் தெரியும். பிறகு நடந்த வழக்கை நாம் அந்த அளவுக்குப் படிப்பதில்லை. முதலில் தாக்கினார்கள், குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் இரண்டாவது மாநாடு வரப்போகிறது என்று தெரிந்ததும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே சாஸ்திரத்தை மட்டும் சொன்னால் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். குளம் தனியார் சொத்து என்றார்கள். தீண்டத்தகாதோர் அதைப் பயன்படுத்தாதது நெடுங்கால வழக்கம் என்றார்கள். 1927 டிசம்பர் 14 அன்று இடைக்காலத் தடையும் பெற்றார்கள்.

கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. கடைசியாக 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், அவர்கள் சொல்லும் தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு கை நீர் அள்ளியதற்கு முழுத் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. தெருவில் தீட்டு என்று கத்தியவர்கள் நீதிமன்றத்தில் சொத்து என்று மென்மையாகப் பேசினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பாகல்பூருக்குத் திரும்புவோம்.

கங்கையை விடுவித்தவர்கள்

1950இல் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. அரசுக்குச் சேரும் உரிமைகளில் மீன்வளம், ஜல்கர், படகுத்துறை ஆகியவற்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனாலும் பாகல்பூர் கங்கையில் பானிதாரி போகவில்லை. இது நிலத்துக்கான சட்டம், ஓடும் நீரைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடி, வழக்குகளின் நிழலில் பானிதார்கள் வசூலைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்குக் கீழே குத்தகைதாரர்கள், அவர்களுக்குக் கீழே தடியடி ஆட்கள். வலைக்கு வலை வரி. கட்டாதவரின் வலையும் மீனும் பறிபோகும், படகும் பறிபோகும். கீழே ஃபரக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியதும் கடலிலிருந்து ஏறிவரும் ஹில்சா மீனின் வழி அடைபட்டது. மீன் குறைந்தது, வரி குறையவில்லை.

1982 பிப்ரவரி 22 அன்று கஹல்காவின் காகஜி டோலா என்ற மீனவர் குடியிருப்பில் கங்கா முக்தி ஆந்தோலன் தொடங்கியது. கங்கை விடுதலை இயக்கம் என்று பொருள். ஜெயப்பிரகாஷ் நாராயணன் உருவாக்கிய சாத்ர யுவ சங்கர்ஷ் வாகினியிலிருந்து வந்த இளைஞர்கள் அதில் இருந்தார்கள். புத்தகயா மடத்தின் நிலங்களுக்காக புயியான் தலித் மக்கள் நடத்திய போராட்டத்திலும் இதே வாகினித் தோழர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் மடத்தின் நிலம், மறுபக்கம் பானிதாரின் நீர்.

இயக்கத்தின் முறை எளிமையானது. வரி கொடுப்பதில்லை, வலை வீசுவதை நிறுத்துவதும் இல்லை. மனு எழுதிவிட்டுக் கரையில் காத்திருந்தால் அடுத்த தலைமுறையும் காத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரிமை இருப்பதாகச் சொல்கிற இடத்தில் படகு ஓட வேண்டும். மகாத்தில் குளத்துக்கு நடந்து போனதும் இதே முறைதான். அடியாட்களை எதிர்கொண்டபோதும் இயக்கம் ஆயுதம் எடுக்கவில்லை. பெண்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள். மது எதிர்ப்பையும் இயக்கத்தின் வேலையாக்கினார்கள். கங்கையில் படகுப் பேரணி பாட்னா வரை போனது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு, 1991இல் பீகார் அரசு பானிதாரியை முடிவுக்குக் கொண்டுவந்தது. பாரம்பரிய மீனவர்கள் மாநிலத்தின் ஆறுகளில் வரியின்றி மீன்பிடிக்கலாம் என்ற நிலையும் ஏற்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பீகாரில் மல்லா, பிந்த், கேவட் மக்கள் பட்டியல் சாதியினர் இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே தொழில், ஒரே ஆறு, மாநில எல்லையைத் தாண்டினால் வேறு பட்டியல். அரசின் பட்டியல்கள் பிரித்துவைத்தவர்களை ஒரே ஆற்றின் வரலாறு சேர்த்துவைக்கிறது. கொச்சியில் ஒரு மீனவக் கவிஞர் புலையரோடு நின்றதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

வென்ற பிறகு

வெற்றி கிடைத்த அதே 1991இல் சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரையான கங்கை, விக்ரமசீலா டால்ஃபின் சரணாலயம் ஆனது. டால்ஃபின் காக்கப்பட வேண்டிய உயிரினம்தான். ஆனால் பானிதார் போன தடத்தின் மேலேயே வனத்துறையின் விதிகள் வந்து உட்கார்ந்தன. 1986இலேயே அலகாபாத்திலிருந்து ஹால்தியா வரை 1620 கிலோமீட்டர் நீர்வழி, முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக்கியது. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ரூகர் நோக்கிப் புறப்பட்ட சொகுசுக் கப்பல் இந்த ஆற்றின் வழியாகத்தான் போனது. 1825ஐ நினைத்துப் பாருங்கள். இன்றும் பெரிய கப்பலுக்கான வழி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. சிறிய வலைப் படகு எங்கே நிற்கலாம், எங்கே வலை உலர்த்தலாம், எந்தக் கரையில் கட்டலாம் என்பது அப்படி எழுதப்படவில்லை.

நீர்வழித் திட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த 1945இல்தான் மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம் உருவானது. ஒரிசாவின் ஆறுகளைப் பற்றிப் பேசியபோதும் பாசனம், மின்சாரத்தோடு படகுப் போக்குவரத்தையும் அவர் சேர்த்தே பார்த்தார். ஆறு நாட்டின் பொதுச் செல்வம் என்பது அவர் பார்வை. அந்தப் பொதுவுக்குள் படகோட்டியும் இருக்கிறாரா என்பதே நம் கேள்வி.

சட்டத்தில் ஒரு வாசல், ஒரு பூட்டு

அரசமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், குளியல் துறை, சாலை ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. ஆனால் அவை அரசு நிதியில் பராமரிக்கப்படுபவையாகவோ பொதுமக்களுக்கு ஒப்படைக்கப்பட்டவையாகவோ இருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆறு, ஓடை, பாதை என்று பெயர் சொல்லியே சேர்த்தது. அங்கும் ஒரு நிபந்தனை: பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவினருக்கோ பயன்படுத்த உரிமை உள்ள இடமாக அது இருக்க வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஆறு, குளியல் துறை, சுடுகாடு, பாதை ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது.

வாசல் திறந்திருக்கிறது. பூட்டு எங்கே என்றால், பொது என்ற சொல்லில். இது பொது இடமே இல்லை, என் பட்டா என்று ஒருவர் சொன்னால் வழக்கு சாதியிலிருந்து விலகி எல்லைக்கல்லுக்குப் போய்விடுகிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் நிலக்காரர்கள் பாதை விடவில்லை. இறந்த ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் குடியிருப்புக்குத் தனிச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கியதாக அரசுத் தரப்பு சொன்னது. தனி இடம் கிடைத்தால் பிணம் எரியும்; மறிக்கப்பட்ட பாதை மறிக்கப்பட்டதாகவே இருக்கும். 1825இல் கம்பெனியின் சரக்குப் படகை இழுக்கத் தனியார் கரையில் நடக்கலாம் என்று சட்டம் எழுதினார்கள். 2019இல் நம் இறந்தவரைச் சுமந்து தனியார் நிலத்தில் நடக்க முடியவில்லை.

மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரில் ஆற்றுக்கும் ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் போகும் ஒவ்வொரு பாதையையும் நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் கேட்டு, பழைய நில அளவையில் அந்தப் பாதை என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வண்டிப்பாதை, ஓடைப் புறம்போக்கு என்று அங்கே இருந்தால் நகல் வாங்கி வையுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் எத்தனை தலைமுறை நடந்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மகாத் வழக்கில் பழைய வழக்கத்தை நிரூபிக்க முடியாமல் தோற்றவர்கள் அவர்கள். நம் வழக்கில் நாம் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

நகல் கையில் இருந்தாலும் பாதையில் நடப்பதை நிறுத்தக் கூடாது. கஹல்காவ் மீனவர்கள் தீர்ப்பு வரும்வரை படகைக் கரையில் ஏற்றி வைக்கவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஜெய்பீம்.